நேர்காணலில் சாதியும் ஊரும் நிறமும் மதிப்பெண் போடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஆள் எடுத்து முடித்தபின், ஒதுக்கிய விண்ணப்பங்களின் ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்புகளை வாசித்துப் பாருங்கள். ‘கம்யூனிகேஷன் வீக்’, ‘ஆட்டிட்யூட் சரியில்லை’, ‘நம்ம செட்டுக்கு ஒத்துவராது’. வந்தவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பது இவற்றில் எங்கும் இல்லை. பார்த்தவர் மனதில் தோன்றியது மட்டுமே இருக்கிறது. அந்தத் தோன்றலுக்குள் வந்தவரின் ஊர், சாதி, மதம், நிறம், பேச்சுவழக்கு எல்லாம் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கும். எழுதியவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ‘நான் அதெல்லாம் பார்ப்பதே இல்லை’ என்று மனதார நம்புகிறவரின் தாளிலும் இதே சொற்கள்தான் இருக்கும்.

இது கடை, பட்டறை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மென்பொருள் அலுவலகம் என்று எங்கேயாவது ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி. தனி எச்.ஆர். பிரிவு இல்லாத இடத்திலும் செய்யலாம். மூன்று பேர், ஒரு எக்செல் கோப்பு, அச்சடித்த சில தாள்கள் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்முடிவு நீங்க வேண்டுமானால் மனம் மாற வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதற்காக ஒருநாள் பயிலரங்கு நடத்துகிறோம். உள்ளுக்குள் ஒளிந்திருக்கும் சாய்வை மாற்ற முயன்ற 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அலசல் ஒன்று இருக்கிறது. சோதனையில் அளக்கப்படும் சாய்வை ஓரளவு அசைக்க முடிகிறது, ஆனால் அதனால் நடத்தை மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் முடிவு. ஆகவே மனதைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம். வேலையைச் செய்யும் வரிசையைத் திருத்துங்கள். எதை முதலில் பார்க்கிறோம், எதை எப்போது எழுதுகிறோம், யார் முதலில் பேசுகிறார் என்பதை மாற்றினால் அதே மனிதர்கள் வேறு முடிவுக்கு வருவார்கள்.

சாதி எப்படித் தெரிந்துவிடுகிறது

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் இருக்கிறது. வடமாநிலங்களில் பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிடுவது இங்கே உடனே தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளும் ஆசை போகவில்லை. அது கேள்விகளுக்குள் குடியேறிவிட்டது. ‘நேட்டிவ் எது?’ என்று தொடங்கும். ‘அந்த ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘எந்தத் தெரு?’, ‘அப்பா என்ன பண்றாங்க?’, ‘குலசாமி எது?’, ‘நான்வெஜ் சாப்பிடுவீங்களா?’ என்று போகும். தோளில் தட்டிக்கொடுப்பதுபோல முதுகில் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கமும் ஒழிந்துவிடவில்லை.

கேட்பவர்கள் இதை நல்லெண்ணமாகவே நினைக்கிறார்கள். ‘ஆளை இயல்பாக்கத்தான் கேட்டேன்’ என்பார்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக இந்திய நிறுவனங்களின் 25 எச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதிதான் எல்லாம் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பம் என்றால் நல்ல பழக்கம் என்பது அவர்கள் கணக்கு. அப்பா கூலி வேலை செய்கிறார், வீட்டில் முதல் பட்டதாரி நான்தான் என்று சொல்லும் இளைஞருக்கு அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விளைவைக் கேட்கிறவர்களுக்கு ஓர் இந்தியக் கணக்கு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றுதான், மேல்சாதி இந்து, தலித், முஸ்லிம் என்று பெயர் மட்டும் வேறு. 2007இல் வெளியான முடிவு இது: மேல்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அந்த விண்ணப்பதாரர்கள் யாரும் இன்டர்வியூ அறைக்குள் காலெடுத்துக்கூட வைக்கவில்லை.

படி 1: ரெஸ்யூமேவைத் திறக்கும் முன் அளவுகோலை எழுதுங்கள்

இதைவிட முக்கியமான படி வேறில்லை. இதை மட்டும் செய்து மற்றதை விட்டால்கூடப் பயன் உண்டு.

ஆளைப் பார்த்தபின் அளவுகோலை வைத்தால், பிடித்த ஆளுக்கு ஏற்றபடி அளவுகோல் வளையும். எரிக் உல்மனும் ஜெஃப்ரி கோஹனும் 2005இல் வெளியிட்ட சோதனையில் காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இருவரைக் காட்டினார்கள். ஒருவருக்குப் படிப்பு, மற்றவருக்குக் கள அனுபவம். ஆணிடம் படிப்பு இருந்தபோது படிப்பே முக்கியம் என்று மதிப்பிட்டார்கள். அவரிடம் அது இல்லாதபோது அதே படிப்பின் எடை குறைந்தது. ஒவ்வொரு முறையும் தாங்கள் நியாயமாகவே முடிவெடுத்ததாக நம்பினார்கள். விண்ணப்பதாரர் ஆணா பெண்ணா என்று தெரியும் முன்பே எது முக்கியம் என்று எழுதவைத்தபோது அந்தப் பாகுபாடு மறைந்தது.

எப்படி எழுதுவது? நான்கு முதல் ஆறு தகுதிகள், மொத்தம் 100 மதிப்பெண். கணக்கு உதவியாளர் வேலைக்கு ஒரு மாதிரி: டேலியில் பதிவு போடுவது 35, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பிழை கண்டுபிடிப்பது 25, ஜிஎஸ்டி விவரம் தயாரிப்பது 20, சப்ளையரிடம் தமிழில் ஃபோன் பேசி நிலுவையைத் தீர்ப்பது 10, ஆங்கிலத்தில் ஐந்து வரி மின்னஞ்சல் எழுதுவது 10. கீழே தேதி போட்டு, பேனலில் உட்காரப்போகும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதன்பின் அந்தத் தேர்வு முடியும்வரை எடையை மாற்றக்கூடாது. ஓர் ஆளைப் பார்த்தபின் ‘டேலியை விட பெர்சனாலிட்டி முக்கியம்’ என்று யாராவது சொன்னால் தாளை எடுத்துக் காட்டலாம்.

இங்கே பெரும்பாலும் தவறுவது ‘நல்ல கம்யூனிகேஷன்’ என்ற ஒரு வரியை அப்படியே தகுதியாக எழுதிவிடுவதில்தான். கான்வென்ட் ஆங்கிலம், நகரத்து உச்சரிப்பு, கூச்சமில்லாத சிரிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரியே கதவைத் திறந்துவிடும். வேலையில் யாரோடு, எந்த மொழியில், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று உடைத்து எழுதுங்கள். கிடங்கு மேற்பார்வையாளர் நாள் முழுக்கப் பேசுவது லாரி ஓட்டுநர்களோடும் சுமைதூக்குபவர்களோடும் என்றால், ஆங்கிலம் அவருடைய தகுதிப் பட்டியலில் வரவே கூடாது.

விளம்பரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ‘சைவம் மட்டும்’, ‘நல்ல தோற்றம்’, ‘நல்ல குடும்பத்துப் பெண்கள்’ போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். ‘தெரிந்தவர்கள் மூலம் ஆள் எடுப்பதே பாதுகாப்பு’ என்று இருந்தால், உள்ளே இருக்கும் ஆட்களின் ஊரும் உறவுமே திரும்பத் திரும்ப உள்ளே வரும். சிபாரிசில் வருபவரும் அதே தேர்வை எழுத வேண்டும். அழைப்பை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் ஐடிஐ நிலையங்களுக்கும் அனுப்புங்கள்.

படி 2: விண்ணப்பத்தில் ஆளை மறையுங்கள்

பேனலில் இல்லாத ஒருவர் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, பெயரும் எண்ணும் உள்ள பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மறைக்க வேண்டியவை: பெயர், புகைப்படம், தந்தை பெயர், முகவரி, சொந்த ஊர், பிறந்த தேதி, பாலினம், திருமணம் ஆனதா என்பது, மதம், சாதி, பள்ளியின் பெயர். நம் ஊர்ப் பயோடேட்டா மாதிரிகளில் இவற்றில் பாதி கட்டாயம் இருக்கும், ஆகவே வேலை கொஞ்சம் அதிகம். முடிந்தால் கேட்டதை மட்டும் நிரப்பும் விண்ணப்பப் படிவம் ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள். மறைக்கும் வேலை மிச்சம்.

சறுக்கும் இடங்களும் உண்டு. கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கும். மின்னஞ்சல் முகவரி பெயரைச் சொல்லிவிடும். கணினியில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்த எழுத்தை அதன்மேல் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் படிக்க முடியும். அச்சடித்து, மையால் அடித்து, மறுபடி ஸ்கேன் செய்தால் அந்தக் கவலை இல்லை. ‘தெரிந்த மொழிகள்’ வரியில் உருது இருந்தாலோ, ‘பொழுதுபோக்கு’ வரியில் தேவாலயப் பாடகர் குழு என்று இருந்தாலோ மறைத்ததெல்லாம் வீண். வேலைக்குத் தேவையில்லாத வரிகள் முழுவதும் போகட்டும்.

கல்லூரிப் பெயரை மறைப்பதா வேண்டாமா என்பதில் பலருக்கும் தயக்கம் உண்டு. மறைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. கல்லூரியின் பெயர் திறமையைச் சொல்வதைவிட, அந்த வீட்டில் கோச்சிங்குக்கும் நன்கொடைக்கும் பணம் இருந்ததா என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. திறமையை அறிய அடுத்த படி இருக்கிறது.

படி 3: வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்

தேர்வுக்கு 45 முதல் 60 நிமிடம். அந்த வேலையில் வாரத்தில் நிஜமாகச் செய்யும் ஒன்றைக் கொடுங்கள்: பிழையுள்ள பத்து பில்கள், கோபமான வாடிக்கையாளரின் கடிதம், உடைந்த நிரலின் ஒரு பக்கம், தைத்து முடித்து ஐந்து குறை வைத்த ஒரு சட்டை. விடைத்தாளில் எண் மட்டும். மொத்த மதிப்பெண்ணில் தேர்வுக்கு 60, நேர்காணலுக்கு 40 என்று பிரிப்பது பல வேலைகளுக்குப் பொருந்தும்.

திருத்தும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் விடைத்தாள்களின் மேல் சாதி முதலிய விவரங்களைக் குலுக்கல் முறையில் ஒட்டி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று ஒட்டிய தாள்களுக்குக் கொஞ்சம் குறைவாக மதிப்பெண் விழுந்தது. அந்தக் குறைவு திருத்தலின் தொடக்கத்தில் வந்த தாள்களில்தான் அதிகம். எது நல்ல விடை, எது சுமார் என்று இன்னும் பிடிபடாத நேரத்தில், விடையில் கிடைக்காத தெளிவைத் தாளின் மேலிருக்கும் அடையாளத்தில் தேடுகிறது மனம்.

ஆகவே விடைக்குறிப்பை முதலில் எழுதுங்கள். ஆள் ஆளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள்: எல்லோருடைய முதல் விடையும் முடிந்தபின் இரண்டாவது. ஒவ்வொரு கேள்விக்கும் தாள்களின் வரிசையைக் கலைத்துப் போடுங்கள். முடிந்ததும் முதலில் திருத்திய ஐந்து தாள்களை மறுபடி பாருங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. மதிப்பெண்ணைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களே. மேல்சாதி ஆசிரியர்களிடம் அந்தப் பாகுபாடு தென்படவில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘பேனலில் ஒரு பெண் இருக்கிறார், ஒரு எஸ்.சி. இருக்கிறார், அப்புறம் என்ன?’ என்று கையைக் கழுவ முடியாது என்பது உறுதி. ஊர் முழுக்க நிறைந்திருக்கும் முன்முடிவு, அதனால் அடிபடுகிறவர் மனதிலும் தங்கும்.

படி 4: நேர்காணல் அறை

எல்லோருக்கும் ஒரே ஆறு கேள்விகள், ஒரே வரிசை. ஆளுக்கு 40 நிமிடம்: அறிமுகம் 3, கேள்விகள் 30, வந்தவர் கேட்க 5, மீதி விடைபெற. அடுத்தவர் வரும் முன் 10 நிமிட இடைவெளி. ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். யார் முதலில், யார் கடைசியில் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே கேள்வி என்பது சிலருக்கு உப்புச்சப்பில்லாததாகத் தோன்றும். ‘பேச்சு போற போக்குல ஆளைப் புரிஞ்சுக்குவேன்’ என்பார்கள். அவர்களுக்கான பதில், பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. பின்னாளைய வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்வதில் கட்டமைத்த நேர்காணலின் மதிப்பு 0.42, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலின் மதிப்பு 0.19. முழுப் பொருத்தத்துக்கு 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. நியாயத்தை விடுங்கள், நல்ல ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே கேள்விகளை எழுதிவைக்கலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பதிலுக்கு எத்தனை என்று முன்பே எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: ‘சப்ளையர் அனுப்பிய பில்லுக்கும் வந்த சரக்குக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. என்ன செய்வீர்கள்?’ மேனேஜரிடம் சொல்வேன் என்று மட்டும் சொன்னால் 1. பில், டெலிவரி சலான், பர்ச்சேஸ் ஆர்டர் மூன்றையும் ஒப்பிட்டு எங்கே பிழை என்று பார்ப்பேன் என்றால் 3. அதோடு பணம் கொடுப்பதை நிறுத்திவைத்து, சப்ளையருக்கு எழுதி, டெபிட் நோட் அல்லது கிரெடிட் நோட் போட்டுக் கணக்கைச் சரிசெய்வேன் என்றால் 5. இப்படி இருந்தால் நெல்லைத் தமிழில் சொன்னாலும் வடசென்னைத் தமிழில் சொன்னாலும் 5 என்பது 5தான்.

உங்கள் நடத்தையையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 1974இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த சோதனையில், வெள்ளை இனத்தவர் கறுப்பின விண்ணப்பதாரர்களை நேர்காணும்போது தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்துவிட்டார்கள். அதே விலகலோடு வெள்ளை விண்ணப்பதாரர்களை நடத்திப் பார்த்தபோது அவர்களும் பதற்றப்பட்டு மோசமாகப் பதில் சொன்னார்கள். நாம் முகம் கொடுக்காமல் பேசுகிறோம், அவர் குழறுகிறார், ‘பார்த்தீர்களா, நான் நினைத்தது சரி’ என்று எழுதிக்கொள்கிறோம். அதனால் நாற்காலியின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். தொடக்க வாசகங்களைத் தாளில் எழுதி எல்லோரிடமும் அப்படியே சொல்லுங்கள். ஒருவருக்கு டீ கொடுத்தால் எல்லோருக்கும் கொடுங்கள், ஒரே மாதிரிக் கோப்பையில். எல்லோரையும் ‘நீங்க’ என்று அழையுங்கள். ஒருவரை ‘சார்’ என்றும் இன்னொருவரை ‘தம்பி, நீ’ என்றும் கூப்பிடும்போதே மதிப்பெண் போட்டாகிவிட்டது.

ஊர், தெரு, அப்பா வேலை, சாதி, மதம், உணவு, திருமணம், குழந்தை பற்றிய கேள்விகள் வேண்டவே வேண்டாம். இவை பேனலை மட்டுமல்ல, பதில் சொல்பவரையும் பாதிக்கின்றன. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசத்தில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்வழிகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதவரை மேல்சாதி, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களிடையே வேறுபாடு இல்லை. பெயர், ஊர், அப்பா, தாத்தா பெயர், சாதி என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்தபின் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் தெளிவாகக் குறைந்தன. ‘அப்பா என்ன பண்றாங்க?’ என்று தொடங்கும் நேர்காணலும் அப்படி ஒரு வாசிப்புதான். சேர்ந்தபின் பி.எஃப். படிவத்துக்குத் தேவைப்படும் விவரங்களைச் சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்கு உண்மையிலேயே தேவையானதை நேராக, எல்லோரிடமும் கேளுங்கள். ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்பதற்குப் பதில், ‘மாதத்தில் எட்டு நாள் இரவு ஷிப்ட் உண்டு, முடியுமா?’ ஆண்களிடமும் இதே கேள்வி. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கின்றன. அவர்கள் உடலைப் பற்றிய கேள்வி எதற்கும் பேனலில் இடமில்லை. ‘இந்தக் கருவியைக் கையாள என்ன வசதி செய்து தர வேண்டும்?’ என்பது மட்டும் கேட்கத்தக்கது.

நடத்தையைப் படிப்பதில் ஏற்படும் பிழைகள்

இங்கே அவசரப்படக்கூடாது. பண்பாடு தீர்ப்புக்குள் நுழையும் பெரிய வாசல் இது.

கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று மேலாண்மைப் பாடத்தில் படித்த பலரும் நம்புகிறார்கள். பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளை அதைத்தான் செய்வார். நாற்காலி நுனியில் உட்கார்வது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, ‘சார் சொன்னா சரிங்க சார்’ என்பது எல்லாம் அந்த வளர்ப்பே. தன்னம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டால் அவருக்கு அதோடு கதவு மூடிவிடும்.

‘நான்’ என்று சொல்லாமல் ‘நாங்க செஞ்சோம்’ என்பவர்களையும் இப்படித் தவறாகப் படிக்கிறோம். தன்னைத் தானே புகழ்வது அசிங்கம் என்று வளர்ந்தவர், தனியாகச் செய்ததையும் குழுவின் பேரில்தான் சொல்வார். ஒரு துணைக்கேள்வி போதும்: ‘அதில் உங்கள் கையால் செய்தது எது?’ இந்தத் துணைக்கேள்வியையும் தாளில் அச்சிட்டு எல்லோரிடமும் கேளுங்கள்.

காரணம் தேடும் வழக்கமும் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுகிறது. ஜோன் மில்லர் 1984இல் சிகாகோவாசிகளையும் மைசூர்வாசிகளையும் ஒப்பிட்டார். ஒருவர் செய்த காரியத்துக்கு விளக்கம் கேட்டபோது, அமெரிக்கப் பெரியவர்கள் அவருடைய குணத்தை அதிகம் சொன்னார்கள்; மைசூர்க்காரர்கள் சூழ்நிலையை அதிகம் சொன்னார்கள். சூழ்நிலையைப் பார்க்கும் கண் நமக்குப் பழக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் ஓரவஞ்சனை. நம் ஆள் தாமதமாக வந்தால் டிராஃபிக். அடுத்த ஆள் தாமதமாக வந்தால் ‘அவங்களே அப்படித்தான்’. ஆண் மறுத்துப் பேசினால் தெளிவானவர், பெண் மறுத்துப் பேசினால் திமிர். மதுரைக்காரர் உரக்கப் பேசினால் அடாவடி. தாமதம், குரல், உடை பற்றி எதை எழுதினாலும் ‘இதையே எனக்குப் பிடித்த ஆள் செய்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்?’ என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

புகழ்ச்சி போலத் தோன்றும் முன்முடிவு இன்னும் தந்திரமானது. ‘வடமாநிலத்து ஆட்கள் சளைக்காமல் உழைப்பார்கள்’ என்று நம்பும் மேற்பார்வையாளர் அவர்களுக்கு 12 மணி நேர வேலை போடுவார், மேற்பார்வைப் பதவிக்கு அவர்களை நினைக்கவே மாட்டார். ‘பெண்களுக்குப் பொறுமை அதிகம்’ என்பதால் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். கட்டிங் மாஸ்டராக ஒரு பெண்ணை யோசித்தீர்களா என்று கேட்டால் ஆச்சரியப்படுகிறார்கள். பாராட்டாகவே இருந்தாலும், ஒரு கூட்டத்தையே மொத்தமாகச் சேர்த்துச் சொன்னால், அதைத் தாளில் எழுத விடாதீர்கள்.

குறிப்பு எழுதும் முறைக்கு ஒரே விதி: கேட்டதையும் பார்த்ததையும் எழுதுங்கள், முடிவை எழுதாதீர்கள். ‘பொறுப்பில்லாதவர்’ என்று எழுதக்கூடாது. ‘முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, சம்பளம் மூன்று மாதம் பாக்கி என்றார்’ என்று எழுதலாம்.

படி 5: மதிப்பெண் முதலில், பேச்சு பிறகு

வந்தவர் வெளியே போனதும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ‘எப்படி?’ என்று ஒரு புருவ உயர்த்தல்கூட வேண்டாம். அந்த 10 நிமிட இடைவெளியில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேனாவால், ஆறு கேள்விக்கும் தனி மதிப்பெண் போட்டுத் தாளைக் கொடுத்துவிட வேண்டும். முதலாளியோ மூத்தவரோ முதலில் பேசினால் மற்றவர்களின் பென்சில் மதிப்பெண்கள் நகரும், அதனால்தான் பேனா. கலந்து பேசும்போது வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில்.

மொத்தத்துக்கு ஒரே மதிப்பெண் போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே காட்டியது இது: ராணுவ அதிகாரிகள் தங்கள் வீரர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை எல்லாவற்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டபோதும், ஒன்றில் நல்ல எண்ணம் இருந்தால் எல்லாவற்றிலும் ஏறியது. சிவந்த நிறம், சரளமான ஆங்கிலம், இஸ்திரி போட்ட சட்டை இவற்றின் வெளிச்சம் டேலி அறிவின் மேலும் விழுகிறது.

பேனலில் இரண்டு பேர் போட்ட மதிப்பெண் 2 அல்லது அதற்கு மேல் வேறுபடும் கேள்விகளை மட்டும் பேசுங்கள். பேசும்போது குறிப்பில் உள்ள வாசகத்தைக் காட்ட வேண்டும். மாற்றினால் பழைய மதிப்பெண்ணை அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து. கடைசியில் தேர்வின் 60, நேர்காணலின் 40 இரண்டையும் கூட்டி வரிசைப்படுத்துவது எக்செல் வேலை. முதலிடத்தில் வந்தவரை விட்டு இரண்டாமவரை எடுப்பதானால், வேலையோடு தொடர்புள்ள காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். எழுத உட்கார்ந்ததும் பல காரணங்கள் தாமாகவே கரைந்துவிடும்.

படி 6: எண்ணிப் பாருங்கள்

எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வுக்கு வந்தார்கள், நேர்காணலுக்கு எத்தனை, சேர்ந்தவர் எத்தனை என்று நான்கு கட்டங்களாக எழுதுங்கள். பாலினம், சமூகம் போன்றவற்றை விருப்பமுள்ளவர்கள் மட்டும் நிரப்பும் தனிப் படிவத்தில், விண்ணப்ப எண்ணோடு, பேனல் பார்க்க முடியாத இடத்தில் வாங்கிவையுங்கள்.

அமெரிக்காவில் 1978 முதல் ஐந்தில் நான்கு என்றொரு விதியைப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு பிரிவினர் தேர்வாகும் விகிதம், அதிகம் தேர்வாகும் பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்குக்கு, அதாவது 0.8க்கு, குறைந்தால் கவனிக்க வேண்டும். கணக்கு எளிது. 60 ஆண்களில் 24 பேர் தேர்வானால் 40 சதவீதம். 40 பெண்களில் 10 பேர் தேர்வானால் 25 சதவீதம். 25ஐ 40ஆல் வகுத்தால் 0.625. இது 0.8க்குக் கீழே இருப்பதால் எந்தக் கட்டத்தில் வழுக்குகிறது என்று தேட வேண்டும். விண்ணப்பத்திலேயே என்றால் மறைக்கும் முறையில் கோளாறு. தேர்வில் என்றால் கேள்வித்தாளைப் பாருங்கள். நேர்காணலில் என்றால் மதிப்பெண் தாள்களை எடுத்து யாருடைய மதிப்பெண் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். எட்டுப் பேர் விண்ணப்பித்த ஒரு வேலையில் சதவீதம் போடுவதற்கு அர்த்தமில்லை. ஓராண்டின் எல்லாத் தேர்வுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆள் சேர்ந்தபின் யாரை யாரோடு வேலைக்கு விடுகிறீர்கள் என்பதும் இதே கணக்கில் சேரும். உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ 1,261 இளைஞர்களை வைத்து நடத்திய கிரிக்கெட் ஆய்வில், வேறு சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு மறுசாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு லைனில் ஒரு ஊர்க்காரர்கள், இன்னொரு லைனில் வேறு ஊர்க்காரர்கள் என்று பிரித்துப் போட்டியாக ஓடவிட்டால் உற்பத்தி ஒரு மாதம் ஏறலாம், பகை அதன்பிறகும் இருக்கும். கலந்த குழுவுக்கு ஒரே இலக்கு, ஒரே ஊக்கத்தொகை என்று வையுங்கள்.

பேனலில் யாராவது தடையை மீறினால்

ஊர், சாதி, குடும்பம் பற்றிக் கேட்கக்கூடாது என்ற தடையைக் கண்டிப்பாக மீறுவார்கள். பெரும்பாலும் அது அறையிலேயே மூத்தவராக இருப்பார். அதனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேனலை நடத்துபவர் வந்தவரைப் பார்த்து, ‘இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, நாம் மூன்றாவது கேள்விக்குப் போகலாம்’ என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நகர வேண்டும். கேட்டவரை அறையில் கண்டிக்க வேண்டாம். வந்தவருக்குத்தான் அது சங்கடம். அந்த ஆள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டால் அதை யாரும் குறிப்பில் எழுதக்கூடாது. கேள்வி கேட்கப்பட்டது என்பதை மட்டும், கேட்டவரின் பெயரோடு, தாளின் கீழே எழுதுங்கள். ஒருவர் பெயர் இப்படி இரண்டு முறை வந்தால் அடுத்த தேர்வில் அவர் பேனலில் உட்கார வேண்டாம். அவர் முதலாளியாக இருந்தால் எண் மட்டுமுள்ள விடைத்தாள்களைத் திருத்தும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.